கோயில் காட்டுக்குள் போன குதிரை

குழந்தையும் குதிரையும் சேர்ந்து ஊரைவிட்டு ஓடுகிற சாகசக் கதைகளை நீங்களும் சின்ன வயதில் படித்திருப்பீர்கள். ஆறு தாண்டுவார்கள், காடு தாண்டுவார்கள், திருடர்களிடமிருந்து தப்பிப்பார்கள். அந்தக் கதைகளில் நம் தொழில்காரர் ஒரே ஒரு பக்கத்தில்தான் வருவார். பெட்டியைத் திறப்பார், குதிரையைத் தொட்டுப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். அடுத்த பக்கத்தில் குழந்தை தேம்பிக்கொண்டிருக்கும். கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்கிற முறையில் அந்தக் கதாசிரியர்கள்மேல் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு.

உங்களில் சிலருக்குக் கொல்லிமலையில் முதல் பணி கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள். உத்தரவைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போயிருக்கும். எனக்கும் தொங்கியது. வளைவு வளைவாகப் பஸ் ஏறும்போது பாதி வழியில் என் காலைச் சாப்பாடு வெளியே போயிற்று. மீதி வழியில் வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அப்புறம் அந்த மலைதான் என்னை விடவில்லை. ஊசி போடுவது, சினை பார்ப்பதெல்லாம் உங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தந்துவிட்டார்கள். என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். ஊசியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போடாமல் நின்ற ஓர் ஆடி மாதத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த மருத்துவர் பெரிய முசுடு. சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள், பிழைக்காது என்று தெரிந்த மாட்டைப் பற்றி "சரியாயிரும்" என்று சொல்லி ஓர் அம்மாவை நான் அனுப்பிவைத்தேன். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். அவர் என்னைக் கூப்பிட்டு, "பொய் சொன்னா இந்த மாட்டுக்காரி நிம்மதியாத் தூங்குவா. அவளோட அடுத்த மாடு உங்கிட்ட வராது" என்றார். அவ்வளவுதான், பேப்பர் படிக்கப் போய்விட்டார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

இனி கதைக்கு வருகிறேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். திண்ணனூர் நாட்டில் ஒரு சிற்றூர். ரோடு அதற்குக் கீழேயே நின்றுவிடும். அங்கிருந்து ஒற்றையடிப் பாதைதான். அந்த ஊரின் மரவள்ளிக் கிழங்கு, மிளகு, பலா எல்லாம் லாரி நிற்கும் இடத்துக்கு இறங்கி வருவது ஒரே ஒரு மட்டக்குதிரையின் முதுகில். பிடரிமயிர் கண்ணை மறைத்துத் தொங்கும் என்பதால் அதற்குச் சடையன் என்று பெயர். குதிரை பொன்னன் என்பவருடையது. ஆனால் சடையனைக் கேட்டால் தான் பொன்னனின் மகள் துளசிக்குச் சொந்தம் என்றுதான் சொல்லியிருக்கும். ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண். அவள் கையால் வைத்தால்தான் தின்னும், அவள் சீழ்க்கை அடித்தால்தான் நகரும்.

குதிரைக்கு மூக்கு ஒழுகுகிறது என்று பொன்னன் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். மூக்கில் சீழ். தாடைக்கு அடியில் வீக்கம். துளசி அந்த மூக்கின்மேல் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

பொன்னனைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னேன். இது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, கட்டி பழுத்து உடைந்தால் தானே ஆறிவிடுகிற கழலை நோய். மற்றது கிளாண்டர்ஸ். அது மருந்துக்கு அடங்காது, பக்கத்துக் குதிரைகளுக்குத் தொற்றும், மனிதருக்கும் தொற்றும். அது என்று உறுதியானால் குதிரையைக் கொல்லச் சொல்கிறது சட்டம். ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் எது என்று தெரியும். "நாளைக்குக் காலையில சாமானோட வாரேன். அதுவரைக்கும் புள்ளையக் கிட்ட விடாதீங்க" என்றேன்.

சுவருக்குப் பின்னால் துளசி இருந்ததை நான் பார்க்கவில்லை. இது உங்களுக்கு முதல் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மலை வீட்டுச் சுவர்களுக்குக் காது கொஞ்சம் அதிகம்.

சந்தேகம் என்றாலே மேலே தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தேன். மறுநாள் காலை, உதவியாளர் அன்வரும் நானும் பாதை ஏறிக்கொண்டிருந்தபோது மேலதிகாரி போனில் வந்தார்.

"ஆடிப் பதினெட்டு வருதும்மா. மலை முழுக்க ஜனம் கூடும், வெளியிலிருந்து குதிரையெல்லாம் வரும். ரிசல்ட்டுக்கெல்லாம் காத்திருக்க முடியாது. குதிரையை இன்னிக்கே முடிச்சுட்டு எனக்குச் சொல்லுங்க."

"சோதனை முடிவு வராம எப்படிங்க சார்?"

"நான் சொல்றேன்ல?"

"சரிங்க சார். அதை எழுத்துல குடுத்துருங்க."

 அத்தோடு சிக்னல் போய்விட்டது. மலையில் சிக்னல் போவதும் வருவதும் மேலதிகாரிகளின் வசதிக்கேற்ப நடக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே ஒருவர் இருந்து போன் செய்திருப்பார். வாயால் வருகிற உத்தரவை எழுத்தில் கேளுங்கள். பாதி உத்தரவுகள் அங்கேயே உயிரை விட்டுவிடும்.

ஊருக்குள் நுழைந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. பொன்னன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"புள்ள குதிரைய ஓட்டிக்கிட்டுக் கோயில் காட்டுக்குள்ள போயிருச்சுங்க. சாமிக்கு விட்டுட்டேங்குதுங்க."

கொல்லிமலையில் கோயில் காடு என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். ஊருக்கு ஒரு துண்டுக் காட்டைச் சாமிக்கென்று விட்டிருப்பார்கள். எல்லையில் கற்கள் நட்டிருக்கும். செருப்போடு உள்ளே போகக்கூடாது. இரும்பு போகக்கூடாது. ரத்தம் விழக்கூடாது. காய்ந்து விழுந்த சுள்ளியைக்கூட வெளியே எடுத்து வரமாட்டார்கள். உள்ளே விட்டது சாமியுடையது. சடையனின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, அந்தக் கற்களைத் தாண்டிக் கொண்டுபோய் ஒரு மரத்தடியில் நிறுத்தியிருந்தாள் துளசி.

அவளுடைய கணக்கு சரியான கணக்கு. கோயில் காட்டுக்குள் என் ஊசி வராது. ஆனால் ஒன்றை அந்தக் குழந்தை யோசிக்கவில்லை. சாமிக்கு விட்ட குதிரைமேல் மூட்டை ஏற்ற முடியாது. வெளியே பிடித்து வரவும் முடியாது. பொன்னனுக்குக் குதிரை போயிற்று. ஊர்க் கிழங்கு இனி தலைச்சுமையாகத்தான் இறங்க வேண்டும். எல்லைக் கல்லருகே கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் அவளைத் திட்டினார்கள், பாதிப்பேர் சாமி பெயரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கோ வேறு ஒன்றுதான் கண்ணில் பட்டது. அவள் மறுபடியும் அந்த மூக்கோடு முகம் சேர்த்து நின்றிருந்தாள். அது கிளாண்டர்ஸ் என்றால் போகப்போவது குதிரை மட்டும் இல்லை.

"ஒரு நிமிஷம் உள்ள போனா முடிஞ்சுரும்ங்க மேடம்" என்று அன்வர் காதோரம் சொன்னார். சேந்தமங்கலத்துக்காரர், நல்ல மனிதர், பதறினால் கால் முன்னே போய்விடும். "ஆமாங்க, முடிஞ்சுரும். அதுக்கப்பறம் இந்த மலையில ஒரு ஆட்டையும் நமக்குக் காட்ட மாட்டாங்க" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லைக் கல்லுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு அது பெரிய சாகசம்.

"ஏங் கண்ணு, வெளிய வா."

"வரமாட்டேனுங்க. நீங்க சடையனக் கொன்னுபோடுவீங்க."

"யாரு சொன்னா?"

"பள்ளிக்கூடத்துக் கதைப் புஸ்தகத்துல இருக்குதுங்க. குதிரைக்குச் சீக்கு வந்தா டாக்டரு பொட்டியத் தொறப்பாரு. அதுக்கப்பறம் குதிரை இருக்காதுங்க."

பார்த்தீர்களா, அந்தக் கதாசிரியர் இங்கேயும் வந்துவிட்டார்.

"என்ற பொட்டியில ரெண்டு ஊசி இருக்குது கண்ணு" என்றேன். "ஒண்ணு ரத்தம் எடுக்குற ஊசி. இன்னிக்கு அதுக்குத்தான் வந்தேன்."

"இன்னொண்ணுங்க?"

பொன்னன் என் தோளருகே குனிந்தார். "சீக்கு ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போடுங்க டாக்டரம்மா. புள்ள வெளிய வந்துரும். அப்பறம் பாத்துக்கலாம்." பெற்றவர் அப்படித்தான் கேட்பார்.  என் நாக்கு நுனியிலும் அந்தப் பொய் வந்துவிட்டது. அந்த முசுடு மருத்துவரின் முகம் நினைவுக்கு வந்திருக்காவிட்டால் சொல்லியும் இருப்பேன்.

"இன்னொண்ணு தூங்க வெக்கிற ஊசி" என்றேன். "ரத்தத்துல அந்தக் கெட்ட சீக்கு இருந்துச்சுன்னா அதைப் போட்டுத்தான் ஆகோணும். அந்தச் சீக்கு உனக்கும் வந்துரும், அதனால. ஆனா ஒண்ணு சொல்றேன். உனக்குத் தெரியாம நான் அதைப் போட மாட்டேன். எந்த ஊசின்னு உங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் பொட்டியத் தொறப்பேன்."

துளசி அழவில்லை. சடையனின் கழுத்திலிருந்த மஞ்சள் துணியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "சாமிகிட்டப் பூக் கேளுங்க. காட்டுக்குள்ள ஊசி போடலாம்னு சாமி சொன்னா நான் விட்டுடறேன்" என்றாள்.

பூக் கேட்பது எங்கள் பக்கமெல்லாம் உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். குழந்தை ஒன்று எடுக்கும். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் இல்லை. பூசாரிக்கு ஆள் விட்டார்கள். வந்த பூசாரி விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, புள்ளையோட உசுரு சமாச்சாரம்ங்கறீங்க. ரெண்டுலயும் வெள்ளையே மடிச்சுப்போடட்டுங்களா? சாமி ஒண்ணும் நெனைச்சுக்காது."

அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் குழந்தைமேல் அவருக்கு இருந்த அக்கறைதான் அப்படிப் பேசவைத்தது. எனக்கும் ஆமாம் என்று சொல்லிவிட ஆசைதான். யாருக்கும் தெரியாது. மத்தியானத்துக்குள் ரத்தம் எடுத்துவிட்டு மலை இறங்கிவிடலாம். ஆனால், உனக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். சொன்ன வார்த்தையின் சூடு ஆறுவதற்குள் எப்படி ஏமாற்றுவது?

"வேண்டாமுங்க. உள்ளபடியே மடிங்க" என்றேன். அது சரியான முடிவுதானா என்று கேட்டால், இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தவறிப்போயிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

துளசி எல்லைக் கல்வரைக்கும் வந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

 பொன்னன் என் முகத்தைப் பார்த்தார். அன்வர் வானத்தைப் பார்த்தார். இங்கேதான் நம் பதவி, படிப்பு, சட்டம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வாய்க்குள் வந்து நிற்கும். போலீசைக் கூப்பிடு, உள்ளே போ, பிடி, குத்து. நான் பெட்டியைப் பூட்டினேன்.

"சாமி வேண்டாம்னுருச்சு. நான் உள்ள ஊசி கொண்டார மாட்டேன்" என்றேன். "குதிரை அங்கேயே இருக்கட்டும். நீ மட்டும் வெளிய வந்துரு கண்ணு. அதோட மூச்சு உனக்கு ஆகாது."

"நான் வந்துட்டா அதுக்கு யாருங்க தண்ணி காட்டுவா?"

"நான் காட்டுறேன்."

என்னை அறியாமல் வந்த வார்த்தை. பூசாரி சங்கடமாகச் செருமினார். அந்தக் காட்டுக்குள் வயதுக்கு வந்த பெண்கள் போகும் வழக்கம் இல்லை. அதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று நெளிந்தார். "அந்த வயசெல்லாம் எனக்குத் தாண்டிருச்சுங்க பூசாரி" என்றேன். கூட்டத்தில் அன்று முதல்முறையாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. துளசி கல்லைத் தாண்டி வெளியே வந்தாள். அவளை அப்படியே குளிக்கவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். அவளுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. தினமும் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மேலதிகாரிக்கு, குதிரை ஒதுக்குப்புறமாக வைக்கப்பட்டிருக்கிறது, யாரும் அதை அண்டவில்லை, மாதிரி எடுக்க முயற்சி நடக்கிறது என்று தெரிவித்தேன். அதில் பொய் இல்லை. அவர் என் ஓய்வூதியத்தைப் பற்றி அக்கறையாக இரண்டு வார்த்தை பேசினார். அன்று வீட்டுக்குப் போயும் சோறு இறங்கவில்லை. பயம்தான், வேறென்ன.

அதன்பிறகு தினமும் காலையில் பாதை ஏறினேன். முகமூடி, கையுறை, வெறுங்கால், கையில் பிளாஸ்டிக் வாளி. துளசி எல்லைக்கு வெளியே நின்றுகொண்டு என்னை மேய்ப்பாள்.

"அப்படி மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க. ஓரமா வெச்சுப்போட்டுத் திரும்பிக்கோங்க. பாத்துக்கிட்டு இருந்தா குடிக்காதுங்க."

திரும்பிக்கொண்டேன். குடித்தது. ஆனால் தீனியை மோந்து பார்த்ததோடு சரி. என் கையால் வைத்த புல் வாடியே கிடந்தது. ஒரு நாள் தாடைக்கட்டி உடைந்து சீழ் வடிந்திருந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. சரியாயிருமா என்று துளசி கேட்டாள். "நல்ல சகுனந்தான் கண்ணு. ஆனா இதை வெச்சு உறுதியாச் சொல்ல முடியாது. ரத்தம்தான் சொல்லோணும்" என்றேன். அவள் மனத்தில் நம்பிக்கையை ஊற்றிவிட்டு நான் கீழே இறங்கிப் போய்விட முடியுமா?

சடையன் இளைத்துக்கொண்டே போயிற்று. விலா தெரிந்தது. சீக்கு கொல்லாவிட்டாலும் பட்டினி கொன்றுவிடும் போலிருந்தது. அதை நான் துளசிக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவை இல்லாமல் அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலை நான் போனபோது அவள் பூசாரியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"உள்ள விட்டத நாம வெளிய கொண்டாரக் கூடாதுங்களா?"

"கூடாது கண்ணு."

"அதுவா வந்துச்சுன்னா?"

பூசாரி தாடையைச் சொறிந்தார்.  "காட்டு மரத்தோட வெதை காத்துல பறந்து வெளிய வந்து மொளைக்குது. அத யாரும் திருட்டுன்னு சொல்றதில்ல. அதுவா வந்தா, சாமி அனுப்பிவெச்சதுதான்."

துளசி என் பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா, ரத்தம் எடுக்குற ஊசிதானுங்களே?"

"அது மட்டுந்தான்."

"எடுத்ததுக்கப்பறமும் நீங்களே தண்ணி காட்டுவீங்களா?"

"நீ திட்டாம இருந்தா காட்டுவேன்."

அவள் எல்லைக் கல்லிலிருந்து நன்றாகத் தள்ளி வந்து நின்றாள். நான் இருக்கும் பக்கம் கையை நீட்டி, ரொம்பக் கிட்ட வராதீங்க என்பது போலக் காட்டினாள். பிறகு சீழ்க்கை அடித்தாள். உள்ளே எந்த அசைவும் இல்லை. மறுபடி அடித்தாள், இந்த முறை உதடு நடுங்கிக் காற்றுதான் வந்தது. மூன்றாவது சீழ்க்கைக்கு மரத்தடியில் தலை நிமிர்ந்தது. மெல்ல, காலை இழுத்து இழுத்து, மஞ்சள் துணி கழுத்தில் ஆட, சடையன் கற்களைத் தாண்டி வெளியே வந்தது.

"நான் கூட்டியாரலீங்க" என்றாள் துளசி, பூசாரியைப் பார்த்து. "அதுவா வந்துச்சுங்க." சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை நாளும் அடக்கிவைத்திருந்த அழுகை.

அவளைத் தள்ளி நிறுத்திவிட்டு ரத்தம் எடுத்தேன். அவள் தூரத்திலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரலுக்குக் குதிரை அசையாமல் நின்றது. அன்வர் மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு, பிரசவத்துக்குப் போகிறவரைக் கூட்டிப்போவது போல, சேந்தமங்கலம் பஸ்ஸில் மலை இறங்கினார். சடையனை ஊருக்கு வெளியே தனிக் கொட்டகையில் கட்டினோம். புல்லை நான் வைத்தேன். தூரத்தில் நின்று துளசி சொன்னால்தான் தின்றது.

முடிவு வந்த அன்று போனில் சொல்லியிருக்கலாம். பொன்னன் நம்பர் என்னிடம் இருந்தது. ஆனால் பெட்டியைத் திறப்பதற்கு முன் சொல்லுவேன் என்றுதானே வாக்குக் கொடுத்திருந்தேன். ஏறிப் போனேன். பாதி வழியிலேயே துளசி நின்றிருந்தாள். பள்ளிச் சீருடை, கலைந்த சடை. என் கையிலிருந்த பெட்டியைத்தான் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்த ஊசிங்க, டாக்டரம்மா?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ முடிவுகளைச் சொன்னவள் நான். அன்று "வெறும் கழலைதான் கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.  ஒற்றையடிப் பாதையிலேயே பெட்டியைக் கீழே வைத்துத் திறந்து காட்டினேன். உள்ளே ஊசியே இல்லை. சந்தையில் வாங்கிய வெல்ல உருண்டைதான் இருந்தது, ஒரு குதிரை தின்கிற அளவுக்கு.

அவள் வெல்லத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி வெல்லத்தைப் பார்த்தாள். ஓர் ஓரத்தை உடைத்து என் கையில் திணித்தாள்.

"இந்தாங்க. புஸ்தகத்துல டாக்டருக்கு ஒண்ணுமே குடுக்க மாட்டாங்க."

மீதியைத் தூக்கிக்கொண்டு சீழ்க்கை அடித்தபடி மேலே ஓடினாள். நான் பாதையிலேயே உட்கார்ந்து என் பங்கைத் தின்றேன்.